விசுவாசம் ஒருவழிப் பாதையா?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் முன்னோர் வாக்கு. நன்றி மறவாமை உயர்ந்த பண்பு என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் இப்பழமொழியை அடிக்கடி எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் உப்பிட்டவர்களாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உப்பைத் தின்றவன் உழைத்தான், வியர்வை சிந்தினான், உடல் தேய்ந்தான். அவனை உப்பிட்டவர் எவ்வளவு காலம் நினைத்திருக்க வேண்டும் என்று கேட்பவர் மிகச் சிலரே.

ஓரிடத்தில் பணியாற்றிய ஒருவர் வேறிடத்துக்குச் சென்றுவிட்டால், "விட்டுவிட்டுப் போய்விட்டார், நன்றி கெட்டவர்" என்று சொல்லிவிடுகிறோம். இப்பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு. விளையாட்டு உலகில் அது இன்னும் உரக்கக் கேட்கும். அது நியாயமான பேச்சுதானா என்பதை, அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஒரே இரண்டு குழுக்களுக்காக விளையாடிய இரு பெரும் வீரர்களின் வரலாற்றை வைத்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். நாம் கால்பந்து என்று சொல்வது வேறு. அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பது வேறு. அவர்களுடைய பந்து முட்டை வடிவானது. அதைக் காலால் உதைப்பதைவிடக் கையால் எறிவதும், கையில் ஏந்தி ஓடுவதுமே அதிகம். பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவு செய்து எறிபவர் குவார்ட்டர்பேக். எதிரியை மோதித் தடுப்பதோடு, வேண்டும்போது ஓடிச் சென்று பந்தைப் பிடிப்பவர் டைட் எண்ட். இவ்வாட்டத்தைத் தொழிலாக நடத்தும் தேசியக் கால்பந்துச் சங்கம் 1920ஆம் ஆண்டு தோன்றியது. இன்று அதில் 32 குழுக்கள் உள்ளன. ஆட்டப் பருவத்தின் இறுதியில் நடைபெறும் சாம்பியன் பட்டப் போட்டிக்கு சூப்பர் பவுல் என்று பெயர்.

நான் சொல்ல வந்த இருவரில் முதல்வர் ஜான் யூனிடஸ். இவர் 1933இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாயார் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். புனித யுஸ்தீன் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் பயின்ற இவ்விளைஞரை, 1955இல் பிட்ஸ்பர்க் குழு தேர்ந்தெடுத்தது. ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமலே வெளியே அனுப்பியது. கட்டட வேலை செய்துகொண்டே, ஓர் ஆட்டத்துக்கு ஆறு டாலர் கூலிக்கு உள்ளூர்க் குழுவொன்றில் ஆடினார் யூனிடஸ். அடுத்த ஆண்டு பால்டிமோர் நகரின் கோல்ட்ஸ் குழு அவரை அழைத்தது. அக்குழுவுக்காக அவர் எறிந்த முதற்பந்தே எதிரியின் கையில் போய் விழுந்தது! ஆனால் அவர் மனம் தளரவில்லை. 1958 டிசம்பர் 28ஆம் நாள் நியூயார்க் நகரில் நடந்த சாம்பியன் பட்டப் போட்டியில், கூடுதல் நேரம் வரை சென்ற ஆட்டத்தை 23க்கு 17 என்ற கணக்கில் வென்று தந்தார். அதனை "இதுவரை ஆடப்பட்டவற்றுள் மிகச் சிறந்த ஆட்டம்" என்று அமெரிக்கர் இன்றும் போற்றுகின்றனர். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் அவர் எறிந்த பந்து எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி தேடித் தந்தது. அச்சாதனை 2012ஆம் ஆண்டுவரை முறியடிக்கப்படவில்லை.

இரண்டாமவர் ஜான் மேக்கி. 1941இல் நியூயார்க்கில் பிறந்த கறுப்பினத்தவர். ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகன். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1963இல் பால்டிமோர் குழுவில் டைட் எண்ட் ஆகச் சேர்ந்தார். அதுவரை அந்த இடத்தில் ஆடியவர்கள் பெரும்பாலும் தடுப்பு வேலைக்கே பயன்பட்டார்கள். மேக்கியோ பந்தைப் பிடித்துக்கொண்டு, தடுக்க வந்தவர்களை உதறிவிட்டு ஓடுவார். 1971 ஜனவரி 17ஆம் நாள் மயாமியில் நடந்த ஐந்தாவது சூப்பர் பவுலில் யூனிடஸ் எறிந்த பந்து வேறிருவர் கைகளில் பட்டுத் தெறித்து மேக்கியிடம் வந்தது. அதைப் பிடித்த அவர் ஓடிப்போய்ப் புள்ளி சேர்த்தார். மொத்தம் 75 கெஜம்! அன்று பால்டிமோர் 16க்கு 13 என்று வென்றது.

இவ்வளவு உழைத்த இருவரும் பால்டிமோரிலேயே ஓய்வு பெற்றார்களா? இல்லை. 1972இல் மேக்கி, நாட்டின் மறுகோடியில் உள்ள சான் டியாகோ நகரின் சார்ஜர்ஸ் குழுவில் ஆடினார். அத்துடன் அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது. அதே 1972இல் பால்டிமோர் நிர்வாகம் யூனிடஸை ஆட விடாமல் ஓரத்தில் உட்கார வைத்தது. 1973 ஜனவரியில், 39 வயதான அவரை அதே சான் டியாகோ குழுவுக்கு விற்றுவிட்டது. ஆம், விற்றது என்பதுதான் சரியான சொல். பதினேழு பருவங்கள் ஒரு நகரத்தின் முகமாக விளங்கியவரைக் கறிவேப்பிலையைப்போல் எடுத்து ஒதுக்கினார்கள். சான் டியாகோவில் சில ஆட்டங்களே ஆட முடிந்தது. தோள் ஒத்துழைக்கவில்லை, இளைஞர் ஒருவர் அவர் இடத்தைப் பிடித்தார். 1974இல் யூனிடஸ் ஓய்வு பெற்றார்.

ஆகவே, "யூனிடஸும் மேக்கியும் பால்டிமோருக்கும் சான் டியாகோவுக்கும் ஆடினார்கள்" என்று புள்ளிவிவர ஏட்டில் ஒரே வரியில் இருக்கும் செய்திக்குப் பின்னால், மாறிப்போன விசுவாசம் எதுவும் இல்லை. இருப்பவை வயது, காயம், ஒரு விலைச் சீட்டு ஆகியவையே.

அவர்களாக வேறு குழுவைத் தேடிப் போக உரிமை இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கல்லூரி முடித்த ஆட்டக்காரர்களைக் குழுக்கள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1936இலேயே தொடங்கியது. எந்தக் குழு பெயரைச் சொல்கிறதோ அங்கேதான் அவர் போக வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் வேறு குழுவுக்குப் போகலாம் என்பது ஏட்டளவில் உண்டு. ஆனால் 1963இல் வந்த ஒரு விதி அக்கதவையும் சாத்தியது. ஒருவரைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் குழு, அவருடைய பழைய குழுவுக்கு ஈடாக வேறு ஆட்டக்காரர்களையோ எதிர்காலத் தேர்வு உரிமைகளையோ கொடுக்க வேண்டும். எவ்வளவு கொடுப்பது என்பதை, இரு குழுக்களும் ஒத்துப்போகாவிட்டால், சங்கத்தின் ஆணையர் பீட் ரோசல் முடிவு செய்வார். எவ்வளவு பெரிய ஈடு கேட்பார்களோ என்று அஞ்சி, குழுக்கள் பிறர் ஆட்டக்காரரை அழைக்கவே தயங்கின. ரோசல் விதி என்று பெயர் பெற்ற இவ்விதிப்படி, முதலாளி நினைத்தால் ஆட்டக்காரரை விற்கலாம். ஆட்டக்காரர் நினைத்தால் அசைய முடியாது.

இதைத்தான் மேக்கி எதிர்த்தார். 1970இல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற அவர், பின்னர் வேறு சில ஆட்டக்காரர்களுடன் சேர்ந்து நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். ரோசல் விதி சட்டத்துக்கு முரணானது என்று 1975இல் தீர்ப்பு வந்தது. 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அப்போது மேக்கி ஆட்டத்தை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. வழக்கில் வென்ற உரிமையை அவர் ஒரு நாளும் அனுபவிக்கவில்லை. அதற்குப் பின்னும் பல இழுபறிகள் நேர்ந்து, 1993ஆம் ஆண்டில்தான் ஒப்பந்தம் முடிந்த மூத்த ஆட்டக்காரர்கள் தாங்கள் விரும்பிய குழுவுக்குச் செல்லும் உரிமை முழுமையாகக் கிடைத்தது. மரம் நட்டவர் ஒருவர். கனி உண்டவர் வேறொருவர்.

நிற்க. விசுவாசத்தைக் கேட்ட அந்த இரண்டு குழுக்களும் பின்னர் என்ன செய்தன என்று பாருங்கள்.

பால்டிமோர் குழுவின் உரிமையாளர் ராபர்ட் இர்சேக்கும் நகர அதிகாரிகளுக்கும் விளையாட்டரங்கம் பற்றி நீண்ட நாள் தகராறு. குழுவைச் சட்டப்படி கையகப்படுத்த மேரிலாந்து மாநிலம் முயன்றுகொண்டிருந்தது. 1984 மார்ச் 28ஆம் நாள் இரவு, பனி பெய்துகொண்டிருந்தபோது, சாமான் ஏற்றும் லாரிகள் வரிசையாக வந்து நின்றன. விடிவதற்குள் குழுவின் உடைமைகள் அனைத்தும் இண்டியானாபொலிஸ் நகரை நோக்கிப் புறப்பட்டுவிட்டன. முப்பது ஆண்டுகள் கைதட்டிய மக்களிடம் "போய் வருகிறோம்" என்ற ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. சான் டியாகோவின் கதையும் அதுவே. 1961 முதல் அந்நகரில் இருந்த சார்ஜர்ஸ் குழு, புதிய அரங்கம் கிடைக்கவில்லை என்று 2017இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. ஆக, யூனிடஸும் மேக்கியும் ஆடிய இரு குழுக்களுமே தங்கள் ஊரைக் கைவிட்டுப் போய்விட்டன!

இதில் பால்டிமோர் மக்களும் முற்றிலும் குற்றமற்றவர்கள் என்று சொல்ல முடியவில்லை. 1996இல் அவர்களுக்கு மீண்டும் ஒரு குழு கிடைத்தது. ரேவன்ஸ் என்று பெயர் சூட்டிக் கொண்டாடினார்கள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? கிளீவ்லாந்து நகரிலிருந்து கிளம்பி வந்த குழு அது. தாங்கள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அழுத அதே அழுகையைக் கிளீவ்லாந்து மக்கள் அழுதபோது, பால்டிமோர் மகிழ்ந்து நின்றது. நம் வீட்டுக்கு நட்டம் வந்தால் துரோகம். அடுத்த வீட்டுக்கு வந்தால் நமக்கு யோகம். மனித மனத்தின் இந்தக் கோணலையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்படியானால் விசுவாசம் என்பதே வெறும் பேச்சா? ஒருபோதும் இல்லை. அது முதலாளிகளின் அறையில் இல்லை, வேறிடத்தில் இருந்தது.

பால்டிமோர் குழுவுக்கு 1947இல் தொடங்கப்பட்ட ஒரு வாத்தியக் குழு இருந்தது. கால்பந்துக் குழு இரவோடிரவாகப் போனபோது அவர்களுடைய சீருடைகள் சலவைக் கடையில் இருந்ததால் தப்பின. ஆடக் குழுவில்லாத ஊரில் வாத்தியக் குழு எதற்கு என்று யாரும் கேட்டிருப்பார்கள். அவர்களோ கலையவில்லை. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் ஊர்வலங்களிலும், பிற ஊர் அரங்குகளிலும் வாசித்தார்கள். புதிய அரங்கம் அமையச் சட்டமன்றத்தின் முன்னும் வாசித்தார்கள். ஊதியத்துக்காகவா? இல்லை. ஊருக்காக.

யூனிடஸ் ஓய்வு பெற்றபின் பால்டிமோரிலேயே வாழ்ந்தார். தம்மை விற்ற நிர்வாகத்தின்மேல் இருந்த கசப்பை அவர் ஊர்மேல் காட்டவில்லை. குழு இண்டியானாபொலிஸுக்குப் போனபின், தம்மை அவ்வூர்க் குழுவின் பழைய வீரராகச் சொல்லிக்கொள்ள மறுத்தார். வயதான காலத்தில் பழைய காயங்களால் வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. எந்தக் கை அக்குழுவை உலகறியச் செய்ததோ அந்தக் கை! 2002 செப்டம்பரில் அவர் மறைந்தார். பால்டிமோர் அரங்கின் முன்னே அவருடைய சிலை நிற்கிறது. மேக்கி, 1992இல் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரிலுள்ள கால்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அதற்குரிய மோதிரத்தை இண்டியானாபொலிஸில் வாங்க மறுத்து, பால்டிமோர் மக்கள் முன்னிலையில்தான் பெற்றுக்கொண்டார். இருவரும் சட்டையில் எழுதியிருந்த பெயருக்கு விசுவாசமாக இருக்கவில்லை. தங்களை நேசித்த மனிதருக்கு விசுவாசமாக இருந்தார்கள்.

இன்னொருவரையும் இங்கே மறக்கக்கூடாது. அவர் மேக்கியின் மனைவி சில்வியா. பிற்காலத்தில் மேக்கிக்கு நினைவும் அறிவும் மங்கும் நோய் வந்தது. மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்பதற்காக, ஓய்வை நாடும் வயதில் சில்வியா விமானப் பணிப்பெண் வேலைக்குச் சென்றார். கணவரின் நிலையை விளக்கிச் சங்கத்தின் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக, இத்தகைய நோயுற்ற முன்னாள் ஆட்டக்காரர்களின் பராமரிப்புச் செலவுக்கு உதவும் திட்டம் 2007இல் உருவாயிற்று. மேக்கி அணிந்த 88 என்ற எண்ணே அத்திட்டத்தின் பெயராயிற்று. 2011இல் மேக்கி காலமானார். தலையில் பட்ட அடிகளால் அவருடைய மூளை பாதிக்கப்பட்டிருந்தது பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. உப்பிட்டவர்கள் தங்கள் கடனை நினைப்பதற்கு, ஒரு பெண் பேனாவை எடுக்க வேண்டியிருந்தது!

மேக்கி திறந்த கதவின் வழியே பின்னாளில் சென்றவர்கள் பலர். அவர்களில் டாம் பிரேடி, ராப் கிரான்கவுஸ்கி என்ற இருவரும் யூனிடஸ், மேக்கி போலவே ஒரு குவார்ட்டர்பேக், ஒரு டைட் எண்ட். இவர்களும் ஒரே இரண்டு குழுக்களுக்கு ஆடியவர்கள்: நியூ இங்கிலாந்து, டாம்பா பே. பிரேடி 2000ஆம் ஆண்டுத் தேர்வில் 199ஆவது ஆளாகக் கடைக்கோடியில் எடுக்கப்பட்டவர். நியூ இங்கிலாந்துக்கு இருபது பருவங்கள் ஆடி, ஆறு முறை சூப்பர் பவுல் வென்று தந்தார். 2020 மார்ச்சில், 42ஆம் வயதில், ஒப்பந்தம் முடிந்தபின் தாமே தேர்ந்தெடுத்து டாம்பா பே சென்றார். காயங்களால் 2019இலேயே ஓய்வு பெற்றிருந்த கிரான்கவுஸ்கி, நண்பருடன் ஆட மீண்டும் வந்தார். அவர்மேல் நியூ இங்கிலாந்துக்கு இன்னும் உரிமை இருந்ததால், இரு குழுக்களும் பேசி முறைப்படி மாற்றிக்கொண்டன. 2021 பிப்ரவரி 7ஆம் நாள் டாம்பா பே 31க்கு 9 என்று சூப்பர் பவுலை வென்றது. அன்று பிரேடி எறிந்த இரண்டு பந்துகளைக் கிரான்கவுஸ்கி பிடித்துப் புள்ளி சேர்த்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் பிரேடி எதிரணி வீரராகப் பழைய ஊருக்கு வந்தார். மக்கள் முதலில் ஆரவாரமாக வரவேற்றார்கள். ஆட்டம் தொடங்கியதும் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். இரண்டும் நியாயமே என்பேன். 2024இல் நியூ இங்கிலாந்து குழு, அவர் அணிந்த 12ஆம் எண்ணை இனி எவருக்கும் தருவதில்லை என்று அறிவித்துச் சிறப்புச் செய்தது. 39 வயதில் விற்கப்பட்டவர் யூனிடஸ். 42 வயதில் தேர்ந்தெடுத்துச் சென்றவர் பிரேடி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் மேக்கியின் வெற்றி.

"பணத்துக்காக மரத்துக்கு மரம் தாவுகிறவர்களும் இருக்கிறார்களே?" என்று சிலர் கேட்பர். இருக்கிறார்கள். ஒப்புக்கொண்ட காலம் முடியுமுன் அரைமனதாக உழைப்பதும், கூட ஆடியவர்களை இக்கட்டில் விட்டு ஓடுவதும் குற்றமே. நான் அதற்கு வாதாடவில்லை. "வயதானவரை வைத்துக்கொண்டே ஒரு குழுவை நடத்த முடியுமா?" என்று வேறு சிலர் கேட்பர். முடியாதுதான். ஆனால் அனுப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. பதினேழு பருவங்கள் உழைத்தவரைக் கைகூப்பி, மாலையிட்டு வாசல்வரை வந்து வழியனுப்பலாம். விலை பேசி அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டவர், போகும் உரிமையைப் பிறருக்கு மறுத்துவிட்டு, விசுவாசத்தைப் பற்றி உபதேசம் செய்யக்கூடாது. இதுவே என் கருத்து.

அன்புத் தோழியரே! நாளை நீங்கள் ஆசிரியையாகவோ, செவிலியாகவோ, அலுவலராகவோ பணிபுரிவீர்கள். ஓரிடத்திலிருந்து வேறிடம் செல்ல நேரிடும். இருக்கும்வரை முழுமனத்துடன் உழையுங்கள். சொன்ன சொல்லின் காலம் முடிந்தபின் தலைநிமிர்ந்து விடைபெறுங்கள். உங்களில் சிலர் நாலு பேருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்வீர்கள். அப்போது, உங்களிடம் உழைத்தவரின் கை என்றாவது மடங்காமல் போனால் அதைப் பற்றிக்கொள்ளுங்கள். பெற்றோரே! வேறிடம் போனவர் எவரையேனும் பிள்ளைகள் முன்னே "நன்றி கெட்டவர்" என்று பேசுமுன், அவர் தாமாகப் போனாரா, அனுப்பப்பட்டாரா என்று ஒருமுறை விசாரியுங்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்போம். உழைத்தவரையும் உள்ளளவும் நினைப்போம்.